தீவில் இரண்டு கதிரைகள்

அக்கா என் முன்னால் விரித்துவைத்த படத்தில் தென்னைகளின் நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது. குடைகளின், அவற்றுக்குக் கீழிருந்த சாய்நாற்காலிகளின் நிழல் வலப்பக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் படங்களுக்குக் குறிப்பு எழுதியவன் நான். படம் கைக்கு வந்தால் முதலில் நிழலைப் பார்க்கிற பழக்கம் சுவிசுக்கு வந்து இத்தனை காலமாகியும் போகவில்லை. இது கணினியில் வரைந்த படம், இந்தத் தீவு இன்னும் கட்டி முடியவில்லை என்று சொன்னேன்.

"அது பரவாயில்லைத் தம்பி," என்றார் அக்கா. "கதிரை எத்தினை இருக்கெண்டு பார்."

சூரிச் நகரின் ஓர்லிகோனில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை அது. அத்தான் செப்டெம்பர் கடைசியில் ஓய்வு பெற்றிருந்தார். சூக் நகரில் ஒரே உணவகத்தின் குசினியில் முப்பத்தொரு வருடம். தட்டுக் கழுவுவதில் தொடங்கி, சலாட் மேசைக்கு உயர்ந்து, கடைசிப் பத்து வருடம் சூப்பும் சோஸும் அவர் பொறுப்பில் இருந்தன. அதைக் கொண்டாட அவர்களுடைய மகள் இருவருக்கும் கரீபியன் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தாள். இங்கேயே பிறந்தவள், காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. பயணத்தின் ஐந்தாம் நாள் இந்தத் தீவு. கப்பல் நிறுவனம் தன் பயணிகளுக்கு மட்டும் என்று புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்தது. புத்தாண்டுக்குத் திறப்பார்கள், இவர்கள் பெப்ரவரியில் போவார்கள். அங்கே ஊர் இல்லை, குடியிருப்பவர் எவரும் இல்லை. காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொள்வார்கள்.

"ஒருத்தரும் இல்லாத தீவில ஒரு நாள் முழுக்க என்ன செய்யிறது?" என்று அத்தான் கேட்டார்.

"இருக்கிறது," என்றார் அக்கா.

"இருந்து?"

"இருக்கிறதுதான்."

அத்தான் எழுந்து மேசையிலிருந்த தேநீர்க் குவளைகளைக் கழுவ எடுத்துப் போனார். என்னுடையதில் பாதி மிச்சம் இருந்தது.

அவர் குசினிக்குள் போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார். மற்றவர்கள் அந்தத் தீவில் எதை எதிர்பார்க்கிறார்களோ தெரியாது, தனக்கு ஒன்றுதான் வேண்டும் என்றார்.

"உவர் ஒரு நாள் எனக்குப் பக்கத்தில இருக்கோணும். எழும்பாமல். சிரிக்காதை."

நான் சிரிக்கவில்லை. அவர்களுடைய நாட்கள் எனக்குத் தெரியும். அக்கா முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுப் போய், பின்னேரம் மூன்றரைக்குத் திரும்புவார். அத்தான் ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் வீட்டுக்கு வர நள்ளிரவாகும். அத்தானுக்கு ஓய்வு திங்கட்கிழமை, அக்காவுக்கு ஞாயிறு. கோடையில் இரண்டு கிழமை உணவகம் மூடியிருக்கும். அப்போது லண்டனிலோ பாரிசிலோ சொந்தத்தில் ஒரு கலியாணம் கட்டாயம் இருக்கும், அங்கேயும் அத்தான் சமையல் கிடாரத்தடியில்தான் நிற்பார். கலியாண வீடியோக்களில் அவரைத் தேடினால் யாரோ ஒருவருக்குப் பின்னால் ஒரு கரண்டி தெரியும்.

நடுவில் ஒரு நேரம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை குசினி மூடியிருக்கும். சம்பளம் இல்லாத மூன்று மணித்தியாலம். இங்கே உணவகங்களில் அதை சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள். கலியாணமான புதிதில் அத்தான் அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறார். போக முக்கால் மணி, வர முக்கால் மணி, நிலையத்துக்கு நடை வேறு. அக்கா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். சில மாதங்களில் அதை விட்டுவிட்டார்.

அந்த மூன்று மணித்தியாலத்தில் அவர் என்ன செய்தார் என்பதை ஒருமுறை நான் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய புத்தக அலுமாரி வாங்க சூக்குக்குப் போயிருந்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னதாகப் போனதால் ஏரிப் பக்கம் நடந்தேன். கரையில் இருவர் இருக்கக்கூடிய ஒரு மர வாங்கில் அத்தான் இருந்தார். குளிர் மேலங்கிக்குக் கீழே குசினியின் வெள்ளைச் சட்டை, காலில் வழுக்காத கறுப்புச் சப்பாத்து. நுனியில் இருந்து, கைகளை முழங்காலில் வைத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மூடுபனி, பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. அவருடைய பை பக்கத்து இடத்தில் இருந்தது. ஒரு வயதான பெண் வந்து அந்த இடத்தைப் பார்த்து நின்றார். அத்தான் மரியாதையாகச் சிரித்தார், ஆனால் பையை எடுக்கவில்லை. அந்தப் பெண் அடுத்த வாங்குக்குப் போனார். நான் கிட்டப் போகவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

மகள் என்னை அந்தப் பயணத்துக்குப் பதிவு செய்தவர்களின் இணையக் குழுவில் சேர்த்துவிட்டாள். ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் அவர்கள் எழுதுவதைச் சனிக்கிழமைகளில் அக்காவுக்கு வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. இன்னும் எவரும் கால் வைக்காத தீவைப் பற்றி எல்லோரிடமும் ஒரு படம் இருந்தது. பேர்ன் பக்கத்துப் பெண் ஒருவருக்குக் காலில் கல் குத்தாத மணல் வேண்டும். ஒருவர் ஐஸ்கிரீமுக்குத் தனியாகக் காசு உண்டா என்று மூன்று தடவை கேட்டார். மூன்று பேர் பதில் சொன்னார்கள், மூன்றும் வேறு வேறு. சிலருக்குப் பிள்ளைகளின் சத்தம் கேட்காத கரை, சிலருக்குப் பாட்டுப் போடாத கரை. சக்கர நாற்காலியில் வரும் கணவரைத் தண்ணீர்வரை கொண்டுபோகப் பாதை இருக்குமா என்று ஒரு பெண் கேட்டிருந்தார். மனிதன் கை படாத தீவு வேண்டும் என்று எழுதியவர்களே அடுத்த வரியில் கழிவறை எத்தனை என்று கேட்டார்கள். ஆனால் மிக அதிகமாகப் பேசப்பட்டது கதிரைதான்.

அக்கா சொல்ல, நானும் ஒரு கேள்வி போட்டேன்: நிழலில் அடுத்தடுத்து இரண்டு கதிரைகள் கிடைக்குமா? முதல் ஆட்களாக இறங்கி, கதிரையில் துவாயைப் போட்டுவிடுங்கள் என்று பதில் வந்தது. அது நாகரிகமில்லை என்று இன்னொருவர் எழுத, இருவரும் சண்டைக்குப் போனார்கள். அக்காவுக்கு இதில் ஒரு பக்கம்தான் தெரிந்தது.

"நாங்கள் கொழும்பு ரயிலில யன்னலுக்குள்ளால லேஞ்சி எறிஞ்சு இடம் பிடிச்ச ஆக்கள். எங்களுக்கோ துவாய் போடச் சொல்லித் தருகினம்?"

கைக்குட்டை போட்டுக் கதிரையைப் பிடிக்கலாம், ஆளைத்தான் பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டிசெம்பரில் மகளின் பிறந்தநாளுக்கு ஓர்லிகோன் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இத்தாலிய உணவகத்துக்குப் போனோம். மகள் கடைசி வாய் சாப்பிடுமுன் அத்தான் எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டார். மிச்சங்களை மேல்தட்டில் வழித்து, கத்திகளை முள்ளுக்கரண்டிகளுக்குக் கீழே செருகி, நாலு தட்டையும் ஒரு கையில் ஏந்தி, ஆடுகிற கதவைத் தோளால் தள்ளி உள்ளே போய்விட்டார். பரிமாறும் பெண் பின்னால் ஓடினாள். உள்ளே ஏதோ பேச்சு, பிறகு சிரிப்பு.

"அப்பா, பிட்டே," என்று ஜேர்மனில் கெஞ்சினாள் மகள், அவர் திரும்பி வந்ததும்.

"அந்தப் பிள்ளை தனிய எட்டு மேசை பாக்குது," என்றார் அத்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தீவிலயும் உதுதான் நடக்கும்."

ஜனவரியில் இன்னொரு கவலை சேர்ந்தது. காற்று பலமாக இருந்ததால் ஒரு கப்பல் தீவில் கட்ட முடியாமல் திரும்பியது என்றும், பயணிகள் அந்த நாளைக் கடலில் கழித்தார்கள் என்றும் குழுவில் செய்தி வந்தது. அன்றிலிருந்து அக்காவின் கைப்பேசியில் சூரிச்சின் வானிலைக்குக் கீழே அந்தத் தீவின் வானிலையும் இருந்தது. தீவின் பெயரை அவர் ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. ஆனால் அங்கே காற்று எத்தனை என்று எந்த நேரம் கேட்டாலும் சொல்வார்.

அவர்கள் போய் ஐந்தாம் நாள், எனக்குப் பின்னேரமும் அங்கே காலையுமான நேரத்தில் ஒரு படம் வந்தது. ஒரு குடைக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு சாய்கதிரைகள். இரண்டிலும் கப்பலின் நீலத் துவாய். ஒன்றில், துவாய்க்கு மேலே, நான்காக மடித்த ஒரு லேஞ்சி. கீழே அக்கா ஒரு சொல் எழுதியிருந்தார்: பிடிச்சாச்சு. அதன் பிறகு அன்று செய்தி இல்லை.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அத்தான் சமைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்து அவர் முதல் அடுக்குத் தட்டுகளுடன் குசினிக்குப் போனதும் அக்கா தீவைப் பற்றிச் சொன்னார். நிழல் எல்லாம் ஒரே பக்கம்தான் விழுந்தது என்று முதலில் என்னைச் சமாதானப்படுத்தினார். மணல் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது. தென்னைகளுக்கு இன்னும் முட்டுக் கொடுத்திருக்கிறது. பாட்டு எல்லாக் கரையிலும் கேட்கும். ஐஸ்கிரீமுக்குக் காசில்லை. தண்ணீர்வரை பலகைப் பாதை இருந்தது. குழுவில் பாதை கேட்ட பெண் சக்கர நாற்காலியில் கணவரின் கால் நனையும்வரை கொண்டுபோனதை அக்கா பார்த்திருக்கிறார்.

அத்தானுக்குப் பத்தரைக்கே பசித்துவிட்டது. முப்பத்தொரு வருடம் விருந்தாளிகள் வருமுன், பத்தரைக்குச் சாப்பிட்ட வயிறு. சாப்பாட்டுக் கொட்டகை இன்னும் திறக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து, இவ்வளவு சனத்துக்கு அந்தச் சூப்புப் பானை காணாது, பாதிப் பேருக்குத்தான் போதும் என்று சொல்லிவிட்டு மறுபடி போனார். பிறகு ஆள் வரவில்லை. பதினொன்றரைக்குச் சனம் திரண்டபோது அவர் பாவித்த தட்டுகள் சேர்க்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்க வேலை செய்யிற பொடியன் முதலில வேண்டாம் எண்டுதான் சொன்னவன்," என்றார் அக்கா. "பிறகு கையுறை குடுத்திட்டான்."

நிழலில் இருந்த கதிரை என்பதால் பக்கத்துக் கதிரை காலியா என்று நாலு பேர் வந்து கேட்டார்கள். ஆள் வருவார் என்று நாலு பேருக்கும் அக்கா சொல்லியிருக்கிறார். ஒரு கட்டத்தில் கொஞ்சம் அழுததாகவும், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் எவருக்கும் தெரியாது என்றும் சொன்னார். நான் மேசையிலிருந்த சோற்றுப் பருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு மணிக்கு ஆள் தானா வந்தார். நான் கூப்பிடேல்லை. கையைக் கழுவிப்போட்டு வந்து கதிரை நுனியில இருந்தார். சாயேல்லை, சப்பாத்தும் கழட்டேல்லை. பையைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு கடலைப் பாத்தபடி. பிறகு பையைப் பாத்தார். எடுத்து மணலில வைச்சிட்டு, இஞ்ச வா எண்டார்."

"போனீங்களோ?"

"போகாமல்? ரெண்டு கதிரை பிடிச்சது வீண் தம்பி. ஒண்டு காணும்."

நாலரைக்குக் கப்பலுக்குத் திரும்பச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிடும்வரை அவர் எழும்பவில்லை என்றார். அக்கா அதை ஓர் அதிசயம்போலச் சொன்னார்.

அப்போதுதான் நான் சூக் ஏரிக்கரையில் கண்டதைச் சொன்னேன். வாங்கு, மூடுபனி, பக்கத்து இடத்தில் இருந்த பை, இடம் கிடைக்காமல் போன வயதான பெண். முடிந்ததும் அக்கா குசினிப் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ. சூக்கில நீங்கள் ரெண்டு மணிக்கு இருக்கிற வாங்கு இப்பவும் இருக்கோ?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அத்தான் ஈரக் கையுடன் வாசலில் வந்து நின்று என்னை ஒருமுறை பார்த்தார். நான் ஏன் அன்று கிட்ட வரவில்லை என்று கேட்கவில்லை.

"இருக்கு," என்றார். பிறகு, குசினியில் நேரம் குறைத்தால் ஒருவன் முறையிடுகிற அதே குரலில், "அந்தத் தீவில அரை மணித்தியாலம் வெட்டிப்போட்டாங்கள். அஞ்சு மணி வரைக்கும் விட்டிருக்கோணும்," என்றார்.

அக்கா எழுந்து மேலங்கியை எடுத்தார். ஏரிப் பக்கம் இப்போது குளிரும் என்றார் அத்தான். குளிரட்டும் என்றார் அக்கா. சுவர் மணிக்கூட்டில் ஒன்று தாண்டி ஐந்து நிமிடம். அத்தான் கையைத் துடைத்து, பையை எடுத்து, மேசையில் இன்னும் மிச்சமிருந்த தட்டுகளை ஒருதரம் பார்த்தார். அவற்றைத் தொடாமல் சப்பாத்தைப் போட்டார்.

அவர்கள் படியிறங்கிய சத்தம் அடங்கியபின் நான் தட்டுகளைக் கழுவினேன்.