முதல் அடி யாருக்கு

மகளின் கல்யாணத்தில் முதல் தாம்பூலத்தை மாப்பிள்ளையின் பெரிய தாத்தாவுக்குக் கொடுத்தேன். வயதில் மூத்தவருக்கே முதலில், அதுதான் முறை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அந்த முறை பிடிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு என்று தலைமுறைகளாக வாதாடும் ஊரில் இது பெரிய செய்தி அல்ல.

மகள்தான் விடவில்லை. "வளைகாப்புல ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்தீங்கன்னா நான் வளையலே போட்டுக்க மாட்டேன்பா. என் மாமனாரு தினம் காலையில கோல்ஃப் ஆடிக்கினு இருக்காரு. கூடப் போங்க."

விதி தெரியாமல் நான் எங்கும் போவதில்லை. படித்தேன். ஒரு குழியில் பந்தை விழவைக்க நல்ல ஆட்டக்காரருக்குத் தேவையான அடிகள், பார். ஒன்று குறைந்தால் பேர்டி, கூடினால் போகி. என்னைப் போன்றவர்களுக்குக் கருணையோடு கழித்துவிடும் அடிகள், ஹேண்டிகேப். முதலில் அடிக்கும் உரிமை, ஆனர், அதாவது மரியாதை. அந்த வார்த்தையில் சற்று நேரம் நின்றேன்.

திருப்பருத்திக்குன்றம் தாண்டி, வற்றிய ஏரிக்குள் சம்பந்தி தானே வெட்டிய மூன்று குழிகள். பனியில் கரை தெரியவில்லை. அவர் அடித்த பந்து வெண்மைக்குள் கரைந்தது. அதே இடத்திலிருந்து ஒரு கொக்கு எழுந்தது. பந்துக்குத்தான் சிறகு முளைத்ததோ என்று நின்றுவிட்டேன். என் பந்து அவ்வளவு தூரம் கனவு காணவில்லை.

முதல் குழியை அவர் வென்றார். இரண்டாவதில் என்னை முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினார்.

"இல்லைங்க சம்பந்தி. போன குழி உங்களுது. ஆனர் உங்களுக்குத்தான்."

"அன்னைக்கு மண்டபத்துல இந்த ரூல் தெரியலையாக்கும்?"

"அங்க யாரும் பந்து அடிக்கலையே."

அவர் சிரித்தாரா, இருமினாரா, பனியில் தெரியவில்லை. அந்தக் குழியும் அவருக்கே.

மூன்றாவதில், சலுகை அடிகளின் தயவில், என் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அது விழுந்தால் குழி சமன்.

"எடுத்துக்குங்க. விழுந்ததாவே வச்சுக்கலாம்."

எதிராளி இப்படி விட்டுக்கொடுப்பதற்கும் விதியில் இடம் உண்டு, கிம்மி என்பார்கள். விளக்கவில்லை. எடுத்துக்கொண்டேன்.

கரையேறும்போது, எங்கோ பார்த்தபடி கேட்டார்: "வளைகாப்புக்கு முதல் தாம்பூலம் யாருக்காம்?"

"குழி சமனானா ஆனர் மாறாது சம்பந்தி. இன்னும் உங்க கிட்டதான் இருக்குது."