பத்துப் பேர் நின்ற சாயங்காலம்

உப்பளத்தைப் பார்த்த எங்கள் வீட்டு மாடியில் ஐயா வாடகைக்கு இருந்தார். வெள்ளைக்கார யூதர். குயிலாப்பாளையத்தில் வெகுகாலம் இருந்து, அங்கே இரைச்சல் தாங்காமல் மரக்காணத்துக்கு வந்தவர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்று ஒருமுறை கேட்டேன். "மெலாமெட்" என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராம்.

"செத்துப்போன அப்பனுக்காகப் பிள்ள நின்னு சொல்ற ஜெபம் ஒண்ணு இருக்குது, தம்பி. ஊர்ப் பசங்களுக்கெல்லாம் எங்கப்பாதான் அத சொல்லிக் குடுத்தாரு. ரெண்டாம் உலகப் போர்ல அவரையும் கொன்னுட்டாங்க, அந்தப் பசங்களையும் கொன்னுட்டாங்க. வெளியூர்ல இருந்ததால நான் தப்பிச்சேன். அவருக்காகச் சொல்ல நான் ஒருத்தன்தான்."

அந்த ஜெபத்தைத் தனியாகச் சொல்லக் கூடாது, பத்து ஆண்கள் நிற்க வேண்டும். அதற்காகவே வருஷா வருஷம் அப்பாவின் நினைவு நாளுக்கு மும்பையிலிருக்கிற யூதக் கோயிலுக்கு ரயிலேறுவார். இந்த வருஷம் முழங்கால் விடவில்லை.

பத்துப் பேர்தானே என்று கிளம்பிவிட்டேன். எங்கள் மாதா கோயில் உபதேசியார், மளிகைக்கடை பாய், உப்பு வாருகிற ஆட்கள் என்று பொழுது சாய மாடியில் கூட்டிவிட்டேன். எல்லோரும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். பாய் தொப்பியோடு வந்திருந்தார்.

ஐயா கண்ணாடித் தம்ளரில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியவர், எங்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

"பத்துப் பேரும் எங்க ஆளுங்களா இருக்கணும், தம்பி" என்றார் மெதுவாக.

"ஏன்யா, நாங்கல்லாம் மனுசன் இல்லியா?" என்று உப்பள ஆள் ஒருவர் கேட்டார்.

ஐயா பாயைப் பார்த்தார். "உங்க தொழுகையில நான் வந்து வரிசையில நின்னா, என்னைச் சேத்துப்பாங்களா, பாய்?"

பாய் தரையைப் பார்த்தார். "சேத்துக்க மாட்டாங்க."

உபதேசியார் செருப்பைத் தேடினார். பாய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "கணக்குல சேராட்டி போவுது. துக்க வீட்டுல நிக்கிற மாதிரி நின்னுட்டுப் போவோம்."

நின்றோம். உப்பங்காற்றில் விளக்கு ஆடியது. ஐயாவின் உதடுகள் பிரிந்தன. முதல் சொல் நாக்குவரை வந்துவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஐயாவின் அப்பா சொல்லிக்கொடுத்த ஜெபம், அன்றைக்கு அவருக்காகச் சொல்லப்படவில்லை.