பிராங்கிளின் சாரின் ஒரே இலவச சீட்டு

பிராங்கிளின் சாரைப் பார்க்கிறவர்கள் அவர் இந்தியாவுக்காக ஆடியவர் என்றே நினைப்பார்கள். நீல டிராக் சூட், முதுகில் கொட்டை எழுத்தில் 'இந்தியா', கழுத்தில் விசில். சூட் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் வாங்கியது. ஆடியதெல்லாம் திருவிழாப் போட்டிகள். அதிலும் பாதி நேரம் நடுவர். 2008இல் ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த ஒரு தனியார் கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர்.

நான் அப்போது கிதர் முகம்மது பாயின் பிரவுசிங் சென்டரில் வேலையில் இருந்தேன். பி.எஸ்சி. கணினி அறிவியல், எழுபத்தெட்டு சதவீதம். சேவுகம்பட்டியில் எங்கள் வீட்டு முதல் பட்டதாரி. எனக்கு முன்னால் எல்லாம் கைநாட்டு. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பிராங்கிளின் சாருக்கு டைப் அடித்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மௌஸை விசில் மாதிரி இரண்டு விரலால் பிடிப்பார்.

பெண்கள் வாலிபால் அணி வேண்டும் என்று கல்லூரித் தாளாளர் கேட்டிருந்தார். மைதானம் மைதானமாகப் போய் ஆட்டம் பார்த்து ஆள் எடுக்க வேண்டும். சாருக்கு வெயில் ஆகாது. மாவட்டப் போட்டியில் ஆடிய பிள்ளைகளை, அப்போது எல்லோரும் பக்கம் வைத்திருந்த ஆர்க்குட் இணையதளத்தில் தேடச் சொன்னார். பன்னிரண்டு பேர் கிடைத்தார்கள். எல்லோர் பக்கத்திலும் ஒரே செய்தியை அடிக்கச் சொன்னார்: 'எங்கள் கல்லூரியில் ஒரே ஒரு இலவச சீட்டு. அது உனக்கு மட்டும். வேறெங்கும் விண்ணப்பம் போடாதே.'

“பன்னெண்டு பேருக்கும் ஒரே சீட்டா சார்?”

“ஏலே, வரட்டும். சீட்டு முடிஞ்சிருச்சு, பாதி பீஸ் கட்டுன்னா கட்டிட்டுப் போறாக. பெட்டியோட வந்தவ திரும்பிப் போவாளா?”

“இது லெட்டர் இல்ல சார். ஒருத்தி பக்கத்துல எழுதுனா ஊரே படிக்கும்.”

“படிக்கட்டுமே. விளம்பரந்தான!”

அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி வேடசந்தூர் பவித்ரா. அம்மா கண்ணம்மாளுக்கு நூற்பாலையில் வேலை. பீஸ் கட்ட வழியில்லை. சீட்டு கிடைக்காவிட்டால் மகளும் அதே மில் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தவள், கடைசி நாளுக்கு முந்தின நாள் எழுதிக் கேட்டாள்: 'இதையும் போடட்டுமா சார்?' சார் சொல்ல நான் அடித்தேன்: 'தேவையில்லை. உன் இடம் உறுதி.'

சந்தோஷத்தைச் சொல்ல அவள் தன்னோடு ஆடும் அமலராணியின் பக்கத்துக்குப் போயிருக்கிறாள். அங்கேயும் அதே ஒரே சீட்டு. அடுத்தவள் பக்கத்திலும் அதே. பன்னிரண்டையும் பார்த்து முடித்து, மறுநாள் காலையில் அரசுக் கல்லூரியில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாள். மற்றவர்களுக்கும் எழுதினாள்.

சேர்க்கை நாளன்று படிவம் நிரப்ப சார் என்னையும் கூட்டிப் போயிருந்தார். பன்னிரண்டு பேரும் அம்மாக்களோடு ஒன்றாக வந்து இறங்கினார்கள். ஒருத்தி கையிலும் பெட்டி இல்லை. எல்லோர் கையிலும் பிரிண்ட் எடுத்த தாள்.

“ஏன் சாரு, அந்த ஒத்தச் சீட்டக் காட்டுங்க. அம்புட்டுப் பேரும் மடிமேல மடியா உக்காந்துக்கிறோம்” என்றார் கண்ணம்மாள்.

சாரின் கை விசிலைத் தடவியது. “அது வந்து... இந்தப் பய தப்பா அடிச்சுட்டாம்மா” என்று என்னைக் காட்டினார்.

நான் வாய் திறக்குமுன் பவித்ரா கேட்டாள்: “ஒருக்கா தப்பா அடிக்கலாம் சார். பன்னெண்டு தடவையுமா?”

தாளாளர் அறை ஜன்னல் திறந்து, உடனே மூடிக்கொண்டது.

பவித்ராவுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் எழுதியதைத் தாமதமாகப் பார்த்து, வேறெங்கும் விண்ணப்பம் போட முடியாமல் போன இரண்டு பேர், வேறு வழியில்லாமல் பாதி பீஸ் கட்டி சாரிடமே சேர்ந்தார்கள். இரண்டு பேரை வைத்து வாலிபால் ஆட முடியாது என்பதாவது சாருக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரியில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் பவித்ராவின் அணி ஜெயித்து, அவள் படம் பேப்பரில் வந்தது. சார் படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கூச்சமே இல்லாமல் எங்கள் சென்டருக்கு வந்தார். “தம்பி, இத ஆர்க்குட்ல என் பக்கத்துல ஏத்து. கீழ 'எனது கண்டுபிடிப்பு'ன்னு போடு.” அப்படியே ஏற்றினேன்.

மறுநாள் சார் வந்து பார்த்தால், படத்துக்குக் கீழே பவித்ரா எழுதியிருந்தாள்: 'சார், அந்த ஒரே சீட்டு இன்னும் காலியா இருக்கா?' அதற்குக் கீழே மற்ற பதினொரு பேரும் வரிசையாகக் கேட்டிருந்தார்கள், 'எனக்கு?' 'எனக்கு?' என்று.

“ஏலே, அழி இத!”

“நான் எதையாவது தப்பா அடிச்சுருவேன் சார். நீங்களே அழிங்க” என்று மௌஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எங்கெங்கோ அமுக்கிக்கொண்டிருந்தார்.