சித்தி எழுந்து நின்ற விதம்

மழைக்காலத்தில் எங்கள் வீட்டு வாசல் கொடியில் சித்தியின் பச்சை நிற பிளாஸ்டிக் தாள் எப்போதும் சொட்டிக்கொண்டே தொங்கும். ஏலத்தோட்டத்தில் ஈரத்துக்கும் அட்டைக்கும் பயந்து, பெண்கள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக் கட்டிக்கொள்ளும் தாள் அது. சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்ததும் அதை உதறிக் கொடியில் போடுவாள். அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டே, "ஏத்தா, இன்னைக்கு என்ன ஆட்டம் படிச்ச? ஆடு பாப்போம்" என்பாள். கை கழுவுவது, காப்பி குடிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஆண்டிபட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த வாரமே மலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். விடியும் முன்னே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போய்க் காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்துக்குத் திரும்புவார்கள்.

புருஷன் விட்டுப் போனவள் என்று யாராவது பரிதாபப்பட்டால் சித்திக்குக் கோபம் வரும். மலைக்குப் போகும்போதும் முகத்தில் பவுடர் இல்லாமல் போகமாட்டாள். "அட்டைக்கு முன்னாடி அழகு காட்டப் போறியா" என்று அம்மா கேட்டால், "அட்டையாவது என்னையப் பாக்குதே" என்பாள். தோட்டத்துச் சூப்பர்வைசர் மலையாளம் கலந்து அதட்டுவதை அப்படியே நடித்துக் காட்டுவாள். வேலை செய்வதில் அவளுக்கு ஒரு பெருமையும் கிடையாது. ஏலக்காய் வாசனை வந்தாலே குமட்டுகிறது என்பாள். எங்கள் வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் போட விட்டதே இல்லை.

நான் ஆடுவது மட்டும் அவளுக்கு வேண்டும். கம்பத்தில் நான் படித்த பள்ளியில் சனிக்கிழமைகளில் பரதநாட்டிய வகுப்பு நடந்தது. அங்கே தொடங்கி, மதுரையில் கல்லூரியில் படித்த காலத்திலும் தொடர்ந்து கற்றேன். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடனத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்தது. உதவித்தொகையும் உண்டு. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "ஆடுறதுக்கு ஒரு எம்.ஏ.வா?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவரைச் சித்தி வாசலிலேயே மறித்தாள். "அப்ப நாளைக்கு இவளையும் ஜீப்புல ஏத்திக்கிறேன் மாமா. ரெண்டு பேரும் குத்தவச்சுக் காய் எடுக்கோம். சரியா?" என்றாள். அப்பா மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அந்த ஆனியில் நான் சென்னைக்குப் போனேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது.

அங்கே போன பிறகுதான் எனக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரிந்தது. கூடப் படித்தவர்கள் பேச்சு வருவதற்கு முன்பே சலங்கை கட்டியவர்களாக இருந்தார்கள். அவர்கள் ஒரு ராகத்தை முணுமுணுத்தபடி நடந்தாலே அது ஆட்டமாக இருந்தது. ஆனால் உழைத்தால் அடவு சுத்தமாகும், தாளம் நிற்கும். அதில் நான் பயப்படவில்லை. பயந்தது வேறொன்றுக்கு. முதல் வருடத்திலேயே ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு உருப்படி அமைத்து ஆட வேண்டும். நான் அமைத்ததை எல்லாம் பேராசிரியை பொறுமையாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "நல்லா இருக்கு. ஆனா நான் சொல்லிக்கொடுத்ததையே எனக்குத் திருப்பிக் கொடுக்கிற. உன்னோடது எங்கே?"

அந்தக் கேள்வி மாதக்கணக்கில் என்னைத் தூங்க விடவில்லை. என்னுடையது என்று ஒன்று இருந்தால்தானே கொடுப்பதற்கு. பயிற்சிக்கூடத்துக் கண்ணாடியின் முன் நின்று கையைத் தூக்குவேன். அது ஆசிரியையின் கையாக இருக்கும். காலை நீட்டுவேன். அதுவும் யாரோ ஒருவருடைய கால்தான். கார்த்திகை முடியும்போது, படிப்பை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்திருந்தேன். அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன்.

சொல்ல வாய்க்கவில்லை. பொங்கல் முடிந்த மறுநாள், கடைசிக் காய்ப்பறிப்புக்கு ஆள் போதவில்லை என்று ஜீப் டிரைவர் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், "நானும் வாரேன் சித்தி" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அவளுடைய பழைய பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டாள்.

ஜீப்பில் ஒருத்தி மடியில் இன்னொருத்தி என்று அடைந்திருந்தோம். வளைவுகளில் எல்லா உடம்பும் ஒரே உடம்பாகச் சாய்ந்தது. மேலே பனி விலகியிருக்கவில்லை. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். காய் மட்டும் அடித்தூரில், தரையோடு தரையாக ஓடும் சரத்தில் இருக்கும். அதனால் நாள் முழுக்கக் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். எழுந்து அடுத்த செடிக்குப் போவதில்லை. உட்கார்ந்தபடியே நகர வேண்டும். கொஞ்ச நேரத்தில் என் தொடை நடுங்க ஆரம்பித்தது. முழங்கால் மடக்கும் அரைமண்டியில் மணிக்கணக்காக நின்று பழகியவள் என்ற கர்வம் அங்கே ஒரு காசுக்கும் ஆகவில்லை. சுற்றிலும் ஒரு முகம்கூடத் தெரியவில்லை. இலைகள் அங்கங்கே அசைவதை வைத்துத்தான் ஆள் இருப்பது தெரிந்தது.

மதியம் சாப்பாட்டுக்கு விசில் ஊதினார்கள். அப்போதுதான் பார்த்தேன். இலைக்கூட்டத்துக்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். யாரும் ஒரே மூச்சில் எழுந்துவிடவில்லை. எனக்கு எதிரே சித்தி முதலில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினாள். இடுப்பு மட்டும் மேலே வந்தது. தலை இன்னும் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தது. அப்படியே கொஞ்சம் நின்றாள். பிறகு ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் குறுக்கில் கொடுத்து, முதுகைத் துண்டு துண்டாக நிமிர்த்தி, கடைசியில் தலையைத் தூக்கினாள். தூக்கி, கண்ணை மூடி, வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டாள். சாமி கும்பிடும்போதுகூட அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

நாங்கள் ஆடும் ஆட்டத்தில் நிமிர்ந்து நின்று தொடங்கி அரைமண்டியில் அமர்வோம். அமர்வதுதான் அங்கே அழகு. இங்கே ஒரு நாள் முழுதும் மண்ணோடு கிடந்து எழுந்து நிற்கிறார்கள். அந்த எழுந்து நிற்பதை மட்டுமே ஓர் ஆட்டமாக ஆடலாம் என்று தோன்றியது. பாட்டு வேண்டாம், கதை வேண்டாம், வெறும் தாளம் போதும். கையில் இருந்த சோற்றைச் சாப்பிட மறந்துவிட்டேன். இறங்கும்போது ஜீப்பில் என் விரல்கள் யாரோ ஒருத்தியின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்தன.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சித்தியிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"இதையா ஆடப் போற? பட்டுச் சேல கட்டி, நெத்திச்சுட்டி வச்சு, மேடையில ஏறிக் குத்தவைக்கப் போறியா?"

"அப்படியில்ல சித்தி."

"எப்படியில்ல? நாங்க குறுக்கு ஒடிஞ்சு எந்திரிக்கிறத அத்தன பேரு உக்காந்து பாக்கணுமா? கண்ணன் வெண்ண திருடுறத ஆடுவியே, அத ஆடு ஆத்தா. அதுதேன் அழகா இருக்கும். இந்தக் கண்றாவியெல்லாம் வேணாம்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் அதைத்தான் அமைத்தேன். சென்னைக்குத் திரும்பி அதை அமைத்த இரண்டு மாதமும் எனக்குப் பசி தெரியவில்லை. படுத்தால் உடம்பு தானாக அதை ஆடிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வகுப்பில் ஆடிக் காட்டியபோது பேராசிரியை இன்னொரு முறை ஆடச் சொன்னார். பிறகு, "இதையே வளர்த்து இறுதித் தேர்வுக்குக் கொண்டுவா" என்றார். தொலைபேசியில் சித்தியிடம் சொன்னேன். "என்னமோ செய்யி. ஆனா தேர்வன்னைக்கு நான் மெட்ராசுக்கு வருவேன். எம் பேர மட்டும் யார்ட்டயும் சொல்லிப்புடாத" என்று சிரித்தாள்.

அடுத்த ஆவணியில் ஜீப் கவிழ்ந்தது. மழை பெய்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு வளைவில் லாரிக்கு ஒதுங்கியபோது மண் சரிந்து பள்ளத்தில் உருண்டிருக்கிறது. இரண்டு பெண்கள் அங்கேயே போய்விட்டார்கள். விடுதிக்கு அப்பா போன் செய்து, "சித்திக்கு உசுருக்கு ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொன்னார். மதுரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்த பிறகுதான் மீதி தெரிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு ஒன்றும் இல்லை. முதுகெலும்பு நொறுங்கியிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டோம். சித்தியின் கூலி நின்றதும் வீடு தள்ளாடியது. ஒரு மாதம் கழித்து, விபத்து நடந்த அதே பாதையில் அம்மா ஜீப் ஏறினாள். சித்தியைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் தங்கினேன். அவளைத் துடைத்து, திருப்பிப் போட்டு, சோறு ஊட்டி, மறுபடி துடைப்பேன். பவுடர் டப்பாவைக் கேட்பாள் என்று அலமாரியிலிருந்து எடுத்துத் தலைமாட்டில் வைத்தேன். அவள் கேட்கவே இல்லை. அவளுடைய கிண்டல் எங்கே போனதென்று தெரியவில்லை. சாயங்காலம் அம்மா வரும் நேரம் தாண்டினால் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஜீப் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வாள்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம், "அந்த ஆட்டத்த ஆடு" என்றாள்.

"கண்ணன் ஆட்டமா சித்தி?"

"இல்ல. தோட்டத்து ஆட்டம்."

முடியாது என்று சொல்ல முயன்றேன். அவள் பார்வையை எடுக்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில், சலங்கை இல்லாமல், வாயால் தாளம் சொல்லி ஆடினேன். உட்கார்ந்து நகர்வது வரை அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை முழங்காலில் ஊன்றியபோது அவளுடைய கைகள் கட்டில் சட்டத்தைப் பிடித்தன. என் இடுப்பு மேலே வர வர, அவளுடைய தோள்கள் தலையணையை விட்டு உயர்ந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. அதற்கு மேல் அவளால் வர முடியவில்லை. நான் நிமிர்ந்து முடித்தபோது தலையணையில் விழுந்து மூச்சு வாங்கினாள்.

"ரொம்ப மெதுவா எந்திரிக்கிற" என்றாள். "நான் வெரசா எந்திரிப்பேன்."

எந்திரித்தேன் என்று அவள் சொல்லவில்லை. எந்திரிப்பேன் என்றுதான் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய், வேலை இருப்பதுபோலப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் தேர்வு. பேராசிரியை பல்கலைக்கழகத்தில் பேசி, வருகை குறைந்ததைப் பொருட்படுத்தாமல் எழுத அனுமதி வாங்கியிருந்தார். அம்மா வேலைக்குப் போகாமல் சித்தியோடு இருக்க, நான் சென்னைக்குப் போய் ஆடினேன். அரங்கம் நிறைந்திருந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தேர்வாளராக வந்திருந்தவர், இதை எடுத்துக்கொண்டு நாடெங்கும் போகலாம் என்றார். இரண்டு மூன்று இடங்களிலிருந்து அழைப்பும் வந்தது. நான் எதற்கும் போகவில்லை. அதன் பிறகு அந்த ஆட்டத்தை எங்கேயும் ஆடவும் இல்லை.

இப்போது தேனியில் ஒரு பள்ளியில் நடன ஆசிரியையாக இருக்கிறேன். ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் யாரோ எப்போதோ அமைத்தவை. சொந்தமாக ஒன்று செய்யலாம் என்று எத்தனையோ முறை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். என் உடம்புக்கு அது ஒன்றுதான் தெரிகிறது. அதைத் தொட்டால் கட்டில் சட்டத்தைப் பிடித்த கைகள் நினைவுக்கு வருகின்றன. கற்பனை ஒரு வரம் என்று விழாக்களில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எழுந்து போய்விடத் தோன்றும். எனக்கு அது ஒரே ஒரு முறை வந்தது. ஒருத்தியின் முதுகு வழியாக வந்தது.

தேர்வு முடிந்து நான் ஊருக்குத் திரும்பியபோது சித்திக்குப் படுக்கைப்புண் ஆழமாகிக் காய்ச்சல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வைகாசி பிறந்து சில நாளில் போய்விட்டாள். ஆனால் நான் வந்த அன்று நல்ல நினைவோடு இருந்தாள். பையைக்கூட நான் இறக்கி வைக்கவில்லை.

"கை தட்டுனாகளா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நேரம் தட்டுனாக சித்தி."

"எந்த எடத்துல?"

கடைசியில் வணங்கியபோது என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் எனக்குப் பொய் வராது.

"நீ எந்திரிக்கிற எடத்துல."

சித்தி கூரையைப் பார்த்தாள்.

"எந்திரிச்சதுக்கா தட்டுனாக" என்றாள். கேள்வியாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. பிறகு கையை என் பக்கம் நீட்டினாள். "வலிக்குது ஆத்தா. என்னையச் சொவத்துப் பக்கம் திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன்.