தங்கை செய்த படிவம் தங்கையை ஏற்கவில்லை

தங்கை பணியாற்றிய அரசு நிறுவனத்தின் பணியமர்த்தல் விதிகளில் ஏழாம் விதி இப்படிச் சொல்கிறது: கணினிப் பிரிவின் மேலாளர் பதவிக்குக் கணினி அறிவியலில் பட்டம் வேண்டும், பட்டம் இல்லாதவர் அதே பிரிவில் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியிருந்தால் அதுவே போதும். தங்கை அந்தப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றினார். விதியில் ஓட்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். வேறோர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் விதிகளைப் படித்துக் கோப்புகளில் குறிப்பெழுதி ஓய்வு பெற்றவன் நான்.

ஏழு வயது இளையவரை அண்ணன் ‘அவர்’ என்று எழுதலாமா என்று உறவினர் சிலர் கேட்கக்கூடும். எழுதலாம். தடை செய்யும் விதி ஏதும் என் கண்ணில் படவில்லை.

தங்கை ஆஸ்டின் டவுனில் ஓர் ஒற்றையறை வாடகை வீட்டில் எங்கள் பெற்றோரின் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார். அப்பா ராணுவ உணவகம் ஒன்றில் பரிமாறுபவராக இருந்தார். தங்கை பி.யூ.சி. முடித்த ஆண்டில் அப்பாவைப் பக்கவாதம் படுக்கவைத்தது. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எனக்கு ஹூப்ளியில் வேலை. அப்பாவைக் குளிப்பாட்டவும் தூக்கி உட்காரவைக்கவும் வீட்டில் ஒருவர் வேண்டும். நான் வாங்கி அனுப்பிய கல்லூரி விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் மருந்து வேளைகளை எழுதிச் சுவரில் ஒட்டினார் தங்கை. அவர் பட்டம் வாங்காத கதை இவ்வளவுதான். நான் வேலையை விடாமல் இருந்த கதையும் இதுவே.

அப்பாவின் மறைவுக்குப் பிறகு விவேக் நகரில் தட்டச்சு பயின்று, அந்த நிறுவனத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். கணினிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது மற்றவர்கள் ஷாக் அடிக்குமோ என்று தள்ளி நின்றார்கள். தங்கை பெட்டிக்குள் இருந்த கையேட்டை எடுத்துப் படித்தார். சில ஆண்டுகளில் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். சர்வர், நெட்வொர்க், இணையதளம் என்று ஒவ்வொன்றாக அவரிடம் வந்து சேர்ந்தன. திருமணமாகி ஈஜிபுராவில் குடியேறினார். ஒரே மகள் பொறியியல் படித்து ஐ.டி. வேலையில் இருக்கிறாள்.

அக்கம்பக்கத்தார் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தங்கையிடம்தான் கேட்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கிருந்தபோது மாடி வீட்டு அம்மாள் இறங்கி வந்தார்.

“அக்கா, பொண்ணை கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போடலாமா? வேலை கிடைக்குமா?”

“போடுங்க. எல்லா ஃபார்ம்லயும் ஒரு கட்டம் இருக்கும். அதை ரொப்ப டிகிரி வேணும். வேலை கத்துக்கணும்னா சனிக்கிழமை என்கிட்ட அனுப்புங்க.”

“ஏம்மா, அப்ப நான் நாலு வருஷம் படிச்சது?” என்றாள் மகள் உள்ளேயிருந்து.

“அந்தக் கட்டத்துக்குத்தான்டி. நேத்து கூட ஆபீஸ் வேலைல டவுட்டுன்னு யாருகிட்ட வந்து நின்னே?”

ஐந்தாண்டுகளுக்கு முன் நிறுவனம் வேலை விண்ணப்பங்களை இணையத்தில் மட்டுமே பெற முடிவு செய்தது. நிர்வாக அதிகாரி ஒரு தாளில் கட்டங்களின் பட்டியலை எழுதிக் கொடுத்தார். ‘பட்டம் – கட்டாயம்’ என்றிருந்தது. தங்கை படிவத்தை அப்படியே செய்தார். பட்டத்தைத் திரையில் விரியும் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும், பி.யூ.சி. அதில் இல்லை. காலியாக விட்டால், ‘தயவுசெய்து இந்தக் கட்டத்தை நிரப்பவும்’ என்று சிவப்பில் வரும். ‘தயவுசெய்து’ மட்டும் தங்கை தாமாகச் சேர்த்தது.

இரண்டாண்டுகளுக்கு முன் மேலாளர் பதவி காலியானது. தங்கை விண்ணப்பிக்க உட்கார்ந்தார். அன்று மதியம் எனக்குத் தொலைபேசி வந்தது. சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

“ண்ணா, நான் பண்ண ஃபார்மே என்னை உள்ள விடமாட்டேங்குது. அதுவும் தயவுசெய்துன்னு சொல்லுது!”

“உன் கையிலதானே இருக்கு? அந்தக் ‘கட்டாயம்’கிறதை எடுத்துடேன்.”

முப்பத்து நான்கு ஆண்டுகள் நடைமுறையைக் கட்டிக்காத்தவன் சொன்ன முதல் யோசனை அது.

“ஒரு நிமிஷ வேலைதான் ண்ணா. ஆனா எனக்காக நானே கதவைத் திறந்துகிட்டேன்னு ஆயிடும். அவங்க எழுதிக் கொடுக்கட்டும், நான் எடுக்கறேன். வேலையை ஏற்கெனவே நான்தான் பாக்கறேன். காகிதத்துல என் பேரு வரணும், அவ்வளவுதான்.”

மறுநாள் நிர்வாக அதிகாரியைப் பார்த்தார். அந்த உரையாடலை அவர் எத்தனை முறை நடித்துக் காட்டினாலும் எங்களுக்குச் சலித்ததில்லை.

“ரூல் கரெக்ட்தான் மேடம். சிஸ்டம் ஒத்துக்கலையே, ஏன் மாடோது, என்ன பண்றது?”

“அந்த சிஸ்டத்தைப் பண்ணதே நான்தான் சார்.”

“அப்ப தப்பு உங்களோடதுதானே மேடம்!”

கடைசித் தேதி கடந்தது. விண்ணப்பித்தவர்களை நேர்காணல் செய்து, தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். அடுத்த வாரம், மேலாளர் பதவியின் கூடுதல் பொறுப்பைத் தங்கை கவனிப்பார் என்று ஓர் உத்தரவு வந்தது. விண்ணப்பிக்கவே தகுதியில்லாத பதவியை நடத்தத் தகுதி இருந்தது. என் பணிக்காலத்தில் நானும் விசித்திரமான கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

மனுவை நான் எழுதினேன், தங்கை கையெழுத்திட்டார். படிவத்தை ஏழாம் விதிக்கு ஏற்பத் திருத்தி, பதவியை மீண்டும் அறிவிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. பதில் இல்லை. மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, கோப்பு பரிசீலனையில் உள்ளது என்றார்கள். மேல்முறையீடு செய்தோம். அதுவும் பரிசீலனைக்குப் போனது.

இதற்கிடையில் தங்கைக்குக் கணையத்தில் நோய் கண்டது. நான்கு மாதங்கள்தான் கிடைத்தன. மருத்துவமனையில் படுத்திருந்த ஒரு காலை, சர்வர் நின்றுவிட்டது என்று அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். கையில் ஊசி செருகியிருக்க, எந்த வயரைப் பிடுங்கி எதைச் செருக வேண்டும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கண்ணை மூடியபடியே சொன்னார். சர்வர் எழுந்தது. போனை மகளிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தகுதி இல்லாதவகிட்ட கேக்கறாங்க பாருங்க ண்ணா. பதில் ஏதாவது வந்துச்சா?”

“வரும்” என்றேன். கோப்பு எங்கே தூங்குகிறது என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. ஆறாம் நாள் தங்கை மறைந்தார்.

துக்கம் விசாரிக்க வந்த ஓர் உறவினர், “அஞ்சல் வழியிலயாவது ஒரு டிகிரி வாங்கியிருந்தா இந்தக் கஷ்டமே வந்திருக்காது” என்றார். அவருக்கும் தங்கைக்கான இந்த நினைவு மலரின் ஒரு பிரதி அனுப்பப்படுகிறது. பட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் இரண்டு இருக்கின்றன. தங்கையின் மகளுக்கு முதல் வேலையை வாங்கிக் கொடுத்ததே பட்டம்தான். ஆனால் விதியே வேண்டாம் என்று சொன்ன ஒன்று தங்கையிடம் இல்லை என்பதைத் தங்கையின் குறையாகப் பேச, நானிருக்கும் வீட்டில் எவருக்கும் அனுமதி இல்லை. இந்த மலரில் எவர் பெயருக்குப் பின்னும் பட்டம் அச்சிடப்படவில்லை. விடுபட்டுவிட்டதா என்று அச்சகத்தார் இரண்டு முறை கேட்டார்கள். இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டேன்.

நான்கு மாதங்களும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் மருத்துவமனைக்குச் சாப்பாடு அனுப்பிய ஈஜிபுரா அண்டை வீட்டாருக்கும், விடுப்பு எடுத்து வந்து தோள் கொடுத்த கணினிப் பிரிவு இளைஞர்களுக்கும், ஒரு நாளும் தங்கையின் பக்கத்தை விட்டு அகலாத அவர் கணவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது என்பதையும் பதிவு செய்கிறேன். கோரிக்கை நியாயமானது என்று ஏற்கப்பட்டிருக்கிறது. படிவத்தைத் திருத்தி ஏழு நாட்களுக்குள் அறிக்கை தருமாறு கணினிப் பிரிவின் கூடுதல் பொறுப்பாளருக்கு உத்தரவிட்டிருக்கிறார்கள். உறையின் மேல் அந்தப் பொறுப்பாளரின் பெயர், தங்கையின் பெயர், பிழையில்லாமல் இருக்கிறது. கடிதம் ஈஜிபுரா வீட்டுக்கு வந்து சேர்ந்தது, தங்கை மறைந்த பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை.