மூடினேன் என்றுதான் நினைக்கிறேன்

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேதியியல், முதல் வகுப்பு. வாடகை அறையின் கதவில் பெயரைவிடப் பட்டத்தைத்தான் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். வால்வை வலப்பக்கம் திருகினால் மூடும் என்று கற்றுத்தந்த கல்லூரி, மூடிவிட்டது என்று நம்புவதற்கு மட்டும் பாடம் வைக்கவில்லை.

பெயிண்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. மாலையில் எரிவாயு வால்வை மூடிப் பூட்டுவது என் பொறுப்பு. மூடுவேன், பூட்டுவேன், படி இறங்குவேன், திரும்ப ஏறுவேன். கீழே கம்பெனிப் பேருந்து ஹாரன் அடிக்கும். மேலே நான் பதினாறாவது முறையாக வால்வைத் தடவிக்கொண்டிருப்பேன். கேட்டவர்களிடம், “படிச்சவங்களுக்குப் பொறுப்பு ஜாஸ்தி” என்று பெருமையடித்துக்கொண்டேன்.

மேலாளர் மயங்கவில்லை. “மூணு மாசம் டைம் தரேன். அப்பவும் பஸ் உங்களுக்காக நின்னுச்சுன்னா வேற ஆள பாத்துக்குவேன்.”

எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓசிடி என்று ஒரு வருடமாக மாத்திரையும் ஆலோசனையும் நடந்துகொண்டுதான் இருந்தன. பாதிதான் கேட்டது. மருத்துவர் காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சையைச் சொன்னார். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். “எல்லாருக்கும் கேக்காது. கேட்டாலும் முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன்.”

துணைக்கு அக்கா வந்தாள். தையற்காரி, நாக்கும் ஊசிதான். தலைக்குள் உலோகம் ஏதும் உண்டா என்று படிவம் கேட்டது. மூன்றாம் முறையாக நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, “தலைக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு எழுதுடா” என்றாள்.

காந்தம் பொருத்திய ஹெல்மெட்டைத் தலையில் மாட்டுவதற்கு முன் பயத்தைக் கிளப்பிவிட வேண்டுமாம். அப்போதுதான் மூளையின் அந்தப் பகுதி விழித்திருக்கும். “பயப்படுற கேள்விய வீட்டு ஆள் கேட்டா நல்லா வேலை செய்யும்” என்றார் மெஷினை இயக்கும் பெண்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். “ஏண்டா, நேத்து வால்வ மூடுனியா? கை பட்டுச்சு, சரி. திரும்புச்சா?”

உள்ளங்கை வேர்த்தது.

“அருமையா பண்றீங்கக்கா!”

“இருபத்தஞ்சு வருசப் பழக்கம்மா.”

பிறகு மண்டையில் மரங்கொத்தி. இரண்டு நொடி கொத்தும், இருபது நொடி ஓயும். அப்படி ஐம்பது தடவை. என் புத்தி சும்மா இருக்குமா? எண்ணினேன். ஒன்பதாம் நாள் என் கணக்கில் நாற்பத்தொன்பதுதான்.

“ஒண்ணு குறையுது மேடம். இன்னொரு தடவை ஓட்டுங்க.”

“திரையில அம்பதுன்னு இருக்கு பாருங்க சார்.”

“திரை சரியா எண்ணுதான்னு செக் பண்ணீங்களா?”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். “போச்சுடா! இவன் நோய் மெஷினுக்கும் ஒட்டிக்கும்போல.”

நோயைக் குறைக்க வந்த இடத்திலும் மூட ஒரு வால்வைக் கண்டுபிடித்துவிட்ட விஞ்ஞானி நான். மறுநாள் முதல் எண்ணக் கூடாது என்று உத்தரவு. காவலுக்கு அக்கா. ஒவ்வொரு இடைவெளியிலும் ரவிக்கை இறுகிப்போன வாடிக்கையாளர்களின் சண்டைகளைச் சொன்னாள். ஐம்பதா, நாற்பதா என்று தெரியாமலே எழுந்து வந்தேன். முதல் வாரம் பல்லைக் கடித்தேன். பிறகு சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தேன்.

மேலாளர் தந்த கெடு முடிய நான்கு நாள் இருந்தபோது ஒரு மாலை மூடினேன், பூட்டினேன், இறங்கினேன். மூன்று படி திரும்ப ஏறினேன். அத்தனை வருடப் பழக்கம் சும்மா விடுமா? அங்கேயே நின்றேன். இறங்கிப் போய்ப் பேருந்தில் உட்கார்ந்தேன்.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “என்ன சார், உடம்பு சரியில்லையா?”

வண்டி நகரும்போது அக்காவின் போன். “வால்வ மூடுனியா?”

“மூடினேன்னுதான் நினைக்கிறேன்.”

“நிச்சயமா?”

“தெரியலக்கா.”

“சரி, வை” என்றாள். குரலில் வழக்கமான ஊசி இல்லை.

மடியில் என் வலது கை இல்லாத வால்வை வலப்பக்கம் திருகிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் பேருந்து கேட்டைத் தாண்டிவிட்டது.