மருதாசலத்தின் ஸ்பீக்கர் பெட்டி

பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்க, 1998இல் கோயம்புத்தூரில் பல ஊர்க்காரர்களுக்கு நான் பயிற்சி கொடுத்தேன். கொடுமுடியிலிருந்து மைக்செட் மருதாசலம் பை நிறைய நாற்பது கேசட்டோடு வந்திருந்தார். மாரியம்மன் நோம்பித் திருவிழாவில், கோயில் முன் நட்ட கம்பத்தைச் சுற்றிப் பெண்கள் பாடிய கும்மியை இருபது வருசமாகப் பதிவு செய்தவர். பாடியவர்களில் பாதிப்பேர் அப்போதே உயிரோடு இல்லை. அவர்களோடு பாடிய அவர் மனைவி செவ்வந்தியும் இறந்துவிட்டிருந்தாள்.

முதல் கேசட்டைப் போட்டோம். வெறும் இரைச்சல். அடுத்ததிலும் அதேதான்.

“இதையெல்லாம் எங்கே வெச்சிருந்தீங்க?” என்று கேட்டேன்.

“ஸ்பீக்கர் வெக்கிற பெட்டிக்குள்ளதானுங்க. ஊட்டுல பூட்டுப் போடற பெட்டி அது ஒண்ணுதானுங்க.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பாடம் நடத்துகிற திமிரில், ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் கேசட்டை அழித்துவிடும் என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் மீதியையும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். சாயங்காலம்வரை போட்டுப் பார்த்தோம். கடைசிக் கேசட்டின் ஆரம்பத்தில் மட்டும் மங்கலாக ஒரு குரல் தேறியது.

“ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.”

மருதாசலத்தின் குரல்தான். பிறகு மறுபடியும் இரைச்சல். பொத்தானை அமுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்திப்போடாதீங்க. இதுக்கப்புறம் அவதானுங்க பாடுவா.”